வெட்டிய நாவலைத் தைத்த வாரம்

1

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த வாரத்தில் நான் ஒரு நாவலை வெட்டினேன். விமர்சனத்தில் வெட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள்; அந்த அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. சமையலறைக் கத்தியால் அட்டையைக் கழற்றி, முதுகுத் தையலை அறுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து அடுக்கினேன். புத்தகம் எங்கள் நகர நூலகத்துக்குச் சொந்தம். எடுத்தது என் மகள் யாழினியின் உறுப்பினர் அட்டையில். அவள் அதே நூலகத்தில் புதன்கிழமை மாலைகளில் அலமாரி அடுக்கும் வேலை பார்க்கிறாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கை பதறும். கடலூர், சிதம்பரம் பக்கத்து என் பழைய கூட்டாளிகளுக்கு மட்டும், "அதுக்கு என்னா இப்ப, திரும்பத் தைச்சிக்க வேண்டியதுதான" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வினையே அதுதான்.

2

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். வழுக்கைத் தலைவர்களுக்கு முடி வளர்ப்பது, மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பது, காதுகுத்துக் குழந்தைக்குப் பின்னால் ஒரு சிங்கத்தை நிறுத்துவது, இதுதான் என் கலை. இந்தக் கலையை நம்பி என்னையும் ஒரு புத்தகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏதாவது ஒரு கலையில் கையை வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுகிற குழு அது. கல்யாண மேடையைத் தெர்மாகோலில் கட்டுகிறவர், தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவர், இப்படி. ஒரு மாதம் ஸ்டேஷன் பக்கத்தில் ஆண்டனியின் பைண்டிங் கடையில் கூடுவோம். அடுத்த மாதம் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், ரேவதி டீச்சரின் நடன வகுப்புக் கூடத்தில் சம்மணம் போடுவோம். ஆண்டனி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த மச்சான். வருஷம் முழுக்கக் கணக்கு நோட்டும் மாணவர்களின் ஆய்வேடும் தைப்பான். கிறிஸ்துமஸ் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கிற மாதிரி குடில் செய்வான். செய்ததைத் தானே நாலு பேரிடம் புகழ்ந்தும் சொல்வான். ரேவதி டீச்சர் எங்கள் எல்லாரையும் அரங்கேற்றத்துக்கு லாயக்கில்லாத மாணவர்களாகவே பார்த்தார்.

ஆரம்பத்தில் எங்களிடம் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதிதான் இருந்தது. ஆளுக்கு ஒரு வாரம் என்று சுற்றுக்கு விட்டால், என்னிடம் வந்ததும் அது நின்றுவிடும். பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆண்டனியின் கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த எங்கள் நாவல் ஊறி, பூரி மாதிரி உப்பி, கட்டுக் கட்டாகக் கழன்றது. புத்தகம் தைக்கிறவர்கள் அந்தக் கட்டை ஃபாரம் என்பார்கள். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். ஆளுக்குச் சில ஃபாரம்களை வீட்டுக்கு எடுத்துப் போய் உலர்த்துவது என்று முடிவானது. ஒருவர் ஃபேனுக்கு அடியில் வைத்தார். ஒருவர் இஸ்திரி போட்டார். ரேவதி டீச்சர் சலங்கை காயவைக்கும் கொடியில் போட்டார். காய்கிற வரைக்கும் சும்மா உட்கார முடியாமல் அவரவர் பங்கை அவரவர் படித்துவிட்டார்கள். நான் உட்பட. அது சரித்திரம்.

அடுத்த கூட்டத்தில் முதல் பங்குக்காரர் கதையை ஆரம்பித்தார், இரண்டாவது ஆள் பிடித்துக்கொண்டார், அப்படியே கடைசி வரை போனது. சொல்லச் சொல்ல ஆண்டனி அந்தந்த ஃபாரத்தைக் கோத்துத் தைத்துக்கொண்டே வந்தான். கதை முடியும்போது புத்தகமும் முழுசாக இருந்தது.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. புதுப் புத்தகம் வந்தால் முதல் வேலை, ஆண்டனி கத்தியை எடுப்பான். அவரவர் பங்கிலிருந்து ஒரு கலைப்பொருளும் செய்து வர வேண்டும். டீச்சர் தன் பங்கை ஆடிக் காட்டுவார். ஒரு நாவலில் என் பங்கில் கதாநாயகன் செத்துப்போனான். நான் கருப்பு வெள்ளையில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கடை வாசலில் கட்டினேன். எதிர் டீக்கடைக்காரர் வந்து, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார். அந்தப் பாராட்டு இன்று வரை எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. முடிவைக் கேட்டதும் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடிவிட, வாங்கிய பஜ்ஜி மிஞ்சிப் போகிறது என்று டீச்சர் போட்டது: எல்லார் தட்டும் காலியாகிற வரைக்கும் கடைசிப் பங்குக்காரர் வாயைத் திறக்கக் கூடாது.

3

என் மனைவி செல்வி நர்ஸ். இந்த ஊர் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, பெட்டிகளோடு பெட்டியாக என்னையும் யாழினியையும் கொண்டுவந்தாள். எனக்குப் பார்சல் கிடங்கில் வேலை. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று பிரித்துப் போட வேண்டும். இங்கே யாரும் தங்கள் பிறந்தநாளுக்குத் தெருவில் பேனர் வைப்பதில்லை என்பதால் என் கலைக்கு ஓய்வு.

வரும்போது யாழினிக்கு ஆறு வயசு. இப்போது பதினாறு. முதலில் நான் தமிழில் கேட்பேன், அவள் தமிழில் பதில் சொல்வாள். அப்புறம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கொஞ்ச நாளாக நான் கேட்பேன், அவள் காதில் ஹெட்ஃபோன் இருக்கும். சண்டை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு நல்ல வாடகைதாரர் இருப்பது போல இருந்தாள்.

அவளுக்குப் புத்தகங்கள் பிடிக்கும், படிக்கத்தான் பிடிக்காது. எண் வாரியாக, உயரம் வாரியாக, நேராக நிற்கும் புத்தகங்களைப் பார்த்தால் அவள் முகம் மலரும். பள்ளி முடிந்ததும் அந்த நூலகத்திலேயே பயிற்சிக்குச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு நூலகத் தலைவி ஃப்ராவ் பிராண்ட் ஒரு பரிந்துரை எழுத வேண்டும். இங்கே பெண்களுக்கு ஃப்ராவ், ஆண்களுக்கு ஹெர்; நம் ஊர்த் திருமதி, திரு மாதிரி.

ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போனபோது சுவரில் ஒரு அறிவிப்பைப் பார்த்தேன்: கலைஞர்களுக்கும் படைப்பாளிகளுக்குமான வாசிப்பு வட்டம், யாரும் வரலாம். "நீ ஒண்ணும் கலைஞன் இல்லையே" என்றாள் யாழினி, ஜெர்மனில். அந்த மொழியில் அப்பாவுக்கும் 'நீ'தான், கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. சேர்வதற்கு ஒரு படிவம் தந்தார்கள். 'உங்கள் கலைத்துறை' என்ற இடத்தில் 'பெரிய அளவு உருவப்படங்கள்' என்று எழுதிவிட்டேன். ஃப்ராவ் பிராண்ட் மரியாதையாகத் தலையசைத்தார்.

வட்டத்தில் ஒரு குயவர் அம்மா, செல்லோ வாத்தியம் பயிலும் ஒரு பெண், ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர் ஹெர் கிராவுஸ், இன்னும் சிலர். கிராவுஸ் எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் வரைவார். டிராம் மட்டும்தான் வரைவார். முதல் கூட்டத்தில் ஒரு பழைய தடித்த நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சில் இல்லாத புத்தகம். நூலகத்தில் ஒரே பிரதி. வெளியூர் நூலகங்களிலிருந்து வரவழைக்க நாளாகும் என்றார் ஃப்ராவ் பிராண்ட்.

எனக்குள் திருப்பாதிரிப்புலியூர் எழுந்து நின்றது. "பங்கு போட்டுப் படிக்கலாமே, எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றேன். "அருமையான யோசனை" என்றார்கள் எல்லாரும். முறை வைத்துப் படிப்பதைச் சொல்கிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்?

என் நூலக அட்டை காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க முகவரிச் சான்று வேண்டும், சான்றுக்கு நகராட்சியில் நேரம் வாங்க வேண்டும், நேரம் வாங்கும் இணையதளம் என்னை ரோபோவா என்று கேட்கும். நான் நிரூபிப்பதற்குள் படிவம் மூடிக்கொள்ளும். அதனால் யாழினியின் அட்டையில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து முதுகைப் பார்த்தேன்: நல்ல நூல் தையல். ஆண்டனி பார்த்தால் முத்தமே கொடுப்பான். கெடு தேதிக்குள் திரும்பத் தைத்துவிட்டால் ஆயிற்று என்று கத்தியை எடுத்தேன்.

4

அடுத்த புதன்கிழமை பங்குகளுக்கு வண்ணக் காகிதம் சுற்றி, கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுப்பது மாதிரி வாசலில் நின்று ஆளுக்கொன்று நீட்டினேன். கடைசிப் பங்கை எனக்கென்று வைத்துக்கொண்டேன். செல்லோ பெண் பிரித்துப் பார்த்தாள். "இது நகலா?" என்றாள்.

"இல்லை, அசல்" என்றேன், பெருமையாக.

இந்த நாட்டின் மௌனத்துக்கு வகைகள் உண்டு. ரயில் மௌனம், லிஃப்ட் மௌனம், ஞாயிற்றுக்கிழமை மௌனம். இது புது வகை. குயவர் அம்மா தன் பங்கைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு நின்றார். ஹெர் கிராவுஸ் மட்டும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்திருந்தார். தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்ற யாழினி, மேசையில் கிடந்த வெற்று அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

ஃப்ராவ் பிராண்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் நம் ஊர்ப் பழக்கத்துக்கு எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "இது யாழினியின் பெயரில் இருக்கிறது" என்றார். "அடுத்த புதன்கிழமை திரும்பி வர வேண்டும், இன்னொருவர் படிக்கிற நிலையில். அதே வாரம்தான் நான் அவளுக்குப் பரிந்துரை எழுத வேண்டும். அதில் உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன்."

கிளம்பும்போது கிராவுஸ் தன் பங்கை நீட்டிக்கொண்டே என் காதருகில் கேட்டார்: "அடுத்த பகுதி யாரிடம்?"

வீட்டில் யாழினி இரண்டு வார்த்தைக்கு வந்துவிட்டாள்: 'யா', 'நைன்'. ஆமாம், இல்லை. செல்விதான் முழு வாக்கியத்தில் பேசினாள். "பத்து வருஷமா இந்த ஊர்ல நான் ஒரு சிக்னல்ல தப்பா ரோட்டத் தாண்டல. நீங்க என்னடான்னா புள்ளயோட வாழ்க்கைய அறுத்து கலர் பேப்பர் சுத்திக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

5

ஆண்டனிக்கு வீடியோவில் அழைத்தேன். ரேவதி டீச்சரையும் அவனே சேர்த்துவிட்டான். அவமானத்துக்குப் பார்வையாளர் வேண்டுமே.

"ஏண்டா மச்சான், நீ எதுக்குடா கத்தியத் தொட்ட? இத்தினி வருஷம் நான் தைக்கசொல்ல நீ என்னா பண்ணிகிட்டு இருந்த?"

"லைட்டு புடிச்சிகிட்டு இருந்தேன்."

"ஆபரேஷன் தியேட்டர்ல லைட்டு புடிச்சவன் வெளிய வந்து கிளினிக் தெறக்கலாமா? சரி, பசைக்கு மைதா இருக்கா?"

"இங்க மாவுக்குப் பேர் இல்லடா, நம்பர்தான். நானூத்தி அஞ்சு, ஐநூத்தி அம்பது."

"மாவு கேட்டா பஸ் ரூட்டு சொல்றான் பாருங்க டீச்சர்."

ஊசியில் நூல் கோப்பதற்குள் ஃபோன் சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தினேன். ஃபாரத்தின் மடிப்பில் ஊசியைக் குத்தினேன், விரலில் இறங்கியது. மறுபடி ஃபோன் விழுந்தது. "எவனையாவது போன புடிக்கச் சொல்றா, உன் வீட்டு சீலிங்க எத்தினி நேரம் பாக்கறது" என்றான். வேறு வழியில்லாமல் யாழினியின் கதவைத் தட்டினேன். வந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஃபோனைப் பிடித்தாள்.

"யாரு, நம்ம யாழு பாப்பாவா? மாமாவ ஞாபகம் இருக்கா?"

யாழினி முகத்தைத் திரையின் பக்கம் திருப்பினாள். "நீங்கதான குடில்லேந்து எனக்கு ஆட்டுக்குட்டி குடுத்தீங்க."

"ஆமா மருமவளே. அதுல ஒரு ஆடு கொறையுதுன்னு சர்ச்சு சாமியார் இன்னும் கேக்கறாரு."

அவள் சிரித்தாள். நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் நின்றுவிடுமோ என்று.

நான் முதல் ஃபாரத்தைத் தைத்து முடித்ததும், ஃபோனை என் கையில் திணித்தாள். "கோணலா இருக்கு. தள்ளுங்கப்பா." கோணலை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊசி அவள் கைக்குப் போனது. இரண்டாவது ஃபாரத்தை எடுத்ததும் ஆண்டனி தடுத்தான்.

"இரு இரு. அதுல என்னா கதை?"

"தெரியாது மாமா. பக்கத்துக்கு நம்பர் இருக்கு, அது போதும்."

"கதை தெரியாம எப்பிடிம்மா தைக்கிறது? எங்க கடையில அந்தப் பழக்கம் கெடையாது. படிச்சிச் சொல்லிட்டுக் குத்து."

அந்தக் கடை ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. ஆனாலும் அவள் படித்தாள். எனக்கு ஒரு பக்கத்துக்கு அகராதியோடு அரை மணி ஆகும். அவள் மடமடவென்று ஓட்டிவிட்டுத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஆறு வயசில் ஊரை விட்டதால் அவள் தமிழும் ஆறு வயசிலேயே நின்றிருந்தது, அச்சு அசல் கடலூர்க் குழந்தையின் தமிழாக. மலையூர் ஒன்றில் கடிகாரம் பழுது பார்க்கும் அக்கா, ஒரு நாள் சொல்லாமல் போய்விடும் தங்கை என்று ஏதோ கனமான ஜெர்மன் துக்கம் அது.

"தங்கச்சி ஏண்டி போனா?" என்றார் ரேவதி டீச்சர்.

"அக்கா எப்பப் பாத்தாலும் கடிகாரத்தையே பாத்துகினு இருக்காங்க அத்தை. இவங்களப் பாக்கவே இல்ல. அதான் கோச்சிகினு பூட்டாங்க."

டீச்சர் திரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்பில் என் பசை அடிப்பிடித்தது.

இப்படியே தினம் சாயந்திரம் நடந்தது. நான் ஃபோன் பிடித்தேன்; இந்தக் கலையில் எனக்கு விதித்தது வெளிச்சம் பிடிப்பதுதான் போலிருக்கிறது. வேலையிலிருந்து திரும்பிய செல்வி, "தங்கச்சி வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினாள். யாழினிக்கு வார்த்தை தட்டுப்படும் இடத்தில் ஆண்டனி எடுத்துக்கொடுப்பான், அவள் தலையாட்டிவிட்டு அதையே அடுத்த வரியில் போட்டு அடிப்பாள்.

கடைசிப் பங்கு வந்ததும் டீச்சர் கையைத் தூக்கினார். "அது உங்கப்பன் பங்கு. எப்படியும் படிச்சிருக்க மாட்டான். இனிமே உன் பங்கு. ஆனா முடிவு கூட்டத்துலதான். பஜ்ஜி ரூல உங்கப்பன்கிட்ட கேட்டுக்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் இங்க வர்றாங்க."

யாழினி அதைத் தனக்குள் படித்தாள், தைத்தாள். ஒரு இடத்தில் ஊசி நின்றது. "என்னம்மா ஆச்சு?" என்றேன். "ரூல்பா" என்றாள்.

முதுகில் துணி ஒட்டி, அட்டைக்குள் வைத்து, மேலே பொன்னி அரிசி மூட்டையையும் அதற்கு மேல் கிரைண்டரையும் ஏற்றினோம். இரண்டு நாள் எங்கள் வீட்டில் சப்பாத்திதான்.

6

புதன்கிழமை ஃப்ராவ் பிராண்ட் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்துத் திறந்தார். அது அடங்கிப் படுத்தது. முதுகைத் தடவினார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். கோதுமைப் பசையின் வாசனைக்கு விதிமுறையில் இடம் இருக்கிறதா என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். யாழினி பக்கத்தில் நேராக நின்றாள், அலமாரியில் நிற்கும் புத்தகம் மாதிரி.

முதல் ஃபாரத்திலேயே விரல் நின்றது. பதினாறு பக்கமும் தலைகீழ். நான் தைத்த ஒரே ஃபாரம்.

"இதைத் தைத்தது யார்?" என்றார். நான் கையைத் தூக்கினேன். போன வாரம் பங்குகளை நீட்டியதும் இதே கைதான்.

"மற்றது?"

"நான்" என்றாள் யாழினி. கதையைச் சொல்லிக்கொண்டே தைத்ததையும், மறுமுனையில் ஆண்டனியும் டீச்சரும் இருந்ததையும், முதல் ஃபாரத்தைச் சரிபார்க்காமல் விட்டது தன் தவறு என்பதையும் வேகமான ஜெர்மனில் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. 'என் அப்பா' என்பது மூன்று முறை வந்தது; திட்டா, பாராட்டா என்று தெரியவில்லை.

ஃப்ராவ் பிராண்ட் கேட்டு முடித்து, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி முதல் பத்தியைப் படித்தார். "படிக்க முடிகிறது" என்றார். கணினியில் எதையோ தட்டி, உள்ளட்டையில் ஒட்ட ஒரு சிறு தாளை யாழினியிடம் கொடுத்து எழுதச் சொன்னார்: 'குறை: முதல் பதினாறு பக்கம் தலைகீழ். அடுத்த வாசகர் பொறுப்பல்ல.' இந்த நாட்டின் படிவங்கள் மீது எனக்கு முதல் தடவையாக அன்பு வந்தது.

"பரிந்துரையில் தையல் பற்றியும் எழுதுகிறேன்" என்று அவளிடம் சொன்னார். என் பக்கம் திரும்பினார். "நிலவறையில் கழித்துவிட்ட புத்தகங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அடுத்த முறை வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். ஹெர் கிராவுஸ் தினமும் வந்து அடுத்த பகுதி எங்கே என்று என்னைத் தொல்லை செய்கிறார்."

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஃபோனை நிறுத்தி வைத்தோம். இந்த முறை அது விழவில்லை. யாழினி அதற்கு ஒரு அட்டைத் தாங்கி செய்திருந்தாள், நேராக. அங்கே சிதம்பரத்தில் சாயந்திரம். கூடம் நிறைய ஆட்கள். தெர்மாகோல்காரர் அந்த மலையூரையே கட்டிக் கொண்டுவந்திருந்தார், ஜெர்மன் மலையின் உச்சியில் ஒரு கோபுரத்தோடு. டீச்சர், தங்கை வாசற்படி தாண்டும் இடத்தை மட்டும் ஆடிக் காட்டினார். திரும்பிப் பார்க்கலாமா வேண்டாமா என்று கழுத்து மட்டும் யோசித்தது. செல்வி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

நான் இங்கே வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து யாரும் வாழைக்காய் அனுப்பவில்லை. ஆப்பிரிக்கர் கடையில் வாங்கியது.

"சரி மருமவளே, சொல்லு. தங்கச்சி திரும்பி வந்தாளா, இல்லியா?" என்றான் ஆண்டனி.

யாழினி கைகளைக் கட்டிக்கொண்டாள். "தட்டு காலியாவட்டும் மாமா."

சிதம்பரத்தில் ஒரே சிரிப்பு. ஆண்டனி தன் தட்டைக் கவிழ்த்துக் காமிராவுக்கு முன்னால் ஆட்டினான். தெர்மாகோல்காரர் மிச்சத்தை வாயில் அடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். செல்வி தட்டைக் கழுவியே வைத்துவிட்டாள். யாழினி ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு, கடைசியில் என் தட்டில் வந்து நின்றாள். ஒரு பஜ்ஜி இருந்தது.

"அப்பா."

"தோ, தின்னுகிட்டே இருக்கேம்மா" என்றேன்.

"டேய், முழுங்கித் தொலடா, எனக்குப் பஸ்ஸு போயிடும்" என்று கத்தினான் ஆண்டனி. டீச்சர் தாளக்கட்டையைத் தட்டினார். என் மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோன் எங்கே கிடந்ததோ தெரியாது.

என் வாழ்நாளில் ஒரு பஜ்ஜியை நான் இவ்வளவு மெதுவாகத் தின்றதில்லை.